லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் தீர்ப்பு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வார்த்தையே பொய்யாகிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருஷமாக நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது எழுத வைத்தது உங்கள் அண்ணன். உயிரோடுதான் இருக்கிறார், பயப்பட வேண்டாம். சாப்பாடு முன்பைவிட இரண்டு மடங்கு. சர்க்கரை மட்டும் தனியாக வாரம் ஒரு கிலோ.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். நான் போனை எடுத்தாலே வந்து பிடுங்கி, "இது சர்வீசுக்குப் போகணும்" என்று தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துவிடுகிறார். இரண்டு போன்கள் தொட்டிக்குள்ளேயே போய்விட்டன. அதனால் தபால்.

இரண்டு வருஷமாக ஆள் சரியில்லை. லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்த முப்பது வருஷமும் அவர் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கதவை விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டுவார். சரியாக இருந்தால் "ஓடலாம்". இல்லாவிட்டால் "ஓடாது". அந்த வார்த்தைகளை ஆபீசோடு விட்டுவிட்டு வருகிற மனுஷர், இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் வைக்கிற தட்டைத் தட்டிப் பார்த்து "ஓடாது" என்கிறார், பிறகு அதையே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிறார். மேல் வீட்டுக்காரர் புதுக் கார் வாங்கி ஆசையாகக் காட்டினார். "ஓடாது." அந்தக் கார் மறு வாரமே நடுரோட்டில் நின்றது, அது வேறு கதை. இரண்டு வருஷத்தில் ஒரு பொருளுக்கும் ஒரு மனுஷருக்கும் "ஓடலாம்" கிடைக்கவில்லை.

போன மாதம் என் சித்தி இறந்த செய்தி வந்து அழுதுகொண்டிருந்தேன். இவர் குனிந்து என் முகத்தைப் பார்த்து, "சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றார். இது குணம் இல்லை, கோளாறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மூளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஞாபகசக்திப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. தேதி, கிழமை, ஐந்து பொருளின் பெயர், எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, டாக்டரின் காலண்டரை மூன்று நாளாகக் கிழிக்கவில்லை என்று குற்றமும் கண்டுபிடித்தார். அடுத்து டாக்டர், "நான் ஒரு தட்டு தட்டினா நீங்களும் ஒண்ணு தட்டுங்க. ரெண்டு தட்டினா சும்மா இருங்க" என்றார். இவர் எல்லாவற்றுக்கும் மூன்று தட்டி, டாக்டரைப் பார்த்து "ஓடாது" என்று முடித்துவிட்டார்.

ஸ்கேன் குழாய்க்குள் போகமாட்டேன் என்று வேறு மறியல். "இதுக்கு எத்தனை கிலோ அனுமதி? கடைசியா எப்ப செக் பண்ணீங்க? சர்டிஃபிகேட் எங்க?" ஸ்கேன் எடுக்கிற பெண் கெட்டிக்காரி. ஏ.சி. ரிப்பேர்காரர் கொடுத்த சர்வீஸ் சீட்டை எடுத்து நீட்டினாள். கையெழுத்து இருந்ததால் படுத்துக்கொண்டார்.

டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். மூளையின் பின்பக்கம் மடிப்பு மடிப்பாக நெருக்கமாக இருக்கிறது. முன்பக்கமும் காதோரமும் சுருங்கி, மடிப்புக்கு நடுவே கறுப்புக் கறுப்பாக இடைவெளி. எந்த இடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கலர் படம் ஒன்றும் எடுத்தார்கள். பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஜொலிக்கிறது. முன்னால் வெறும் நீலம். "பின் ரூம்ல லைட் எரியுது. முன் ஹால்ல ஃப்யூஸ் போயிடுச்சு" என்றார். ஞாபகம் இருக்கிறதாம். சொல்லலாமா கூடாதா, செய்யலாமா கூடாதா என்று பிடித்து நிறுத்துகிற இடமும், அடுத்தவர் மனசு தெரிகிற இடமும்தான் போய்விட்டனவாம். ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா என்று பெயர். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். குணப்படுத்த மருந்து கிடையாதாம்.

ஆகவே தம்பி, நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று அவர் உங்களைச் சொன்னது அவர் சொன்னது இல்லை. அந்த நீலம் சொன்னது. பழசை விட்டுவிட்டு ஒரு நடை வந்து போங்கள்.

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 13

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. அண்ணன் நிலைமையைப் படித்து வருத்தப்பட்டேன். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

ஆனால் நீலத்தின் மேல் பழி போடுவதை ஒப்புக்கொள்ள முடியாது. அவர் சொன்னதை நீங்கள் மறந்திருக்கலாம், எனக்கு மனப்பாடம். உங்கள் வீட்டு வாசலுக்கென்று இரண்டு மாதம் உட்கார்ந்து பெயர்ப் பலகை எழுதிக் கொண்டுவந்தேன். காகிதத்தைப் பிரித்ததும் நாற்பது பேர் முன்னால் சொன்னார்: "இது போர்டு இல்லடா, பிறந்தநாள் கேக். உனக்கு எழுத்து வரல. இருபத்தஞ்சு வருஷமா சொல்லாம இருந்தேன். கடையை மூடிட்டு வேற வேலையைப் பாரு." யாருக்கோ சிரிப்பில் காப்பி மூக்கு வழியாக வந்தது. நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் கவனித்தேன்.

என்னைப் போர்டு எழுதும் கடையில் சேர்த்துவிட்டதே அவர்தான். நான் எழுதிய முதல் போர்டு ஒரு சைக்கிள் கடைக்கு. அதை மூன்று தட்டு தட்டி "ஓடலாம்" என்றவரும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கடை போட்டேன், கல்யாணமும் செய்துகொண்டேன். அப்படியென்றால் அவர் சொன்ன இரண்டில் எது பொய்? சைக்கிள் கடை பொய்யா, கேக் பொய்யா?

கோளாறு இரண்டு வருஷமாக என்கிறீர்கள். என்னைச் சொல்லிப் பதினொரு வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷம் இடிக்கிறது. அன்றைக்கு அவர் மூளை நன்றாக இருந்ததா இல்லையா என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். அது தெரியாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்.

வீம்பு என்று நினைப்பீர்கள். அன்றிலிருந்து நான் பிரஷால் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை, அண்ணி. அச்சு வெட்டி, அதன் மேல் ஸ்ப்ரே அடிக்கிறேன். அச்சுக்குக் கை வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கொழுந்தன்


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

'கொழுந்தன்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் மருமகளாக வந்தபோது பென்சில் சீவித் தரச் சொல்லி என்னிடம் வந்த ஆள் நீங்கள். இருக்கட்டும்.

டாக்டரிடம் கேட்டேன். இது எப்போது தொடங்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாதாம். சிலருக்கு ஐந்தாறு வருஷம். சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் உள்ளுக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து வருமாம், வீட்டிலிருப்பவர்கள் வயசான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டிருப்பார்களாம். "அந்தக் காலத்துல எடுத்த ஸ்கேன் ஏதாவது இருந்தா பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம்" என்றார்.

உடனே எனக்கு அந்த பீரோ ஞாபகம் வந்தது. குடிவருவதற்கு முந்தின வாரம், நீங்கள் இரண்டு பேரும் மூன்றாம் மாடிக்குத் தூக்கினீர்களே. லிஃப்ட் சும்மாதான் நின்றது. "லிஃப்ட்ல 'ஆட்கள் மட்டும்'னு எழுதியிருக்கு. பீரோ ஆள் இல்ல" என்று சொல்லி உங்களைப் படி வழியாகத் தூக்க வைத்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பீரோ சரிந்து இரண்டு மண்டையும் ஒரே சுவரில் மோதி, ஒரே மத்தியானம் இரண்டு பேருக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஸ்கேன் சென்டர் இப்போது உடற்பயிற்சிக் கூடமாகிவிட்டது. ஆனால் படம் நம்மிடம் இருக்கிறது. பரணைக் குடைந்து பழுப்புக் கவரை எடுத்துவிட்டேன். அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நாளை டாக்டர் ஊரில் இல்லை, ஸ்கேன் எடுக்கிற பெண்ணிடமாவது காட்டிவிட்டு வருகிறேன்.

இவருடைய புதுப் பழக்கம் ஒன்று. கண்ணில் பட்ட அறிவிப்பை எல்லாம் சத்தமாகப் படித்து அப்படியே செய்கிறார். இதுவும் நோயின் வேலைதானாம். எங்கள் தெருவில் 'மணியை அழுத்தவும்' என்று எழுதிய வீடுகள் ஆறு. ஆறிலும் தினமும் காலையில் மணி அடிக்கிறது. பத்து மணி பத்து நிமிஷத்துக்குக் கிளம்பி, மெயின் ரோட்டைத் தாண்டி, எதிரே உள்ள ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்டைத் தட்டிவிட்டு வருவார். ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. ஆனால் 'செய்' என்றால் செய்கிறவர், 'செய்யாதே' என்றால் காதில் வாங்குவதில்லை. சர்க்கரை டப்பாவில் 'தொடாதே' என்று நான் காகிதம் ஒட்டினேன். படித்தார், "ஓடாது" என்றார், மூன்று கரண்டி சாப்பிட்டார். கம்ப்யூட்டரில் அச்சடித்து ஒட்டினேன், நான்கு கரண்டி. நீங்கள் ஒரு போர்டு செய்து அனுப்ப முடியுமா?

அண்ணி


மார்ச் 23

தம்பிக்கு,

பொய் எழுதலாமா என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்தேன். கை வரவில்லை.

ஸ்கேன் எடுக்கிற பெண் பழைய படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுருக்கம் இல்லை, இடைவெளி இல்லை, ஒரு குறையும் இல்லையாம். "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றாள். அவளைப் பளார் என்று அறையலாம் போல இருந்தது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உண்மையை எழுதியதற்கு நன்றி.

ஆக, முழுப் புத்தியோடுதான் சொல்லியிருக்கிறார். சைக்கிள் கடைதான் பொய். தம்பி பாவம் என்று தட்டிக்கொடுத்திருக்கிறார், நான் அதை நம்பி ஆயுசைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இனிமேல் வேறு வேலை பார் என்றால் எந்த வேலையைப் பார்ப்பது?

கேட்டபடி போர்டு அனுப்பியிருக்கிறேன். 'சர்க்கரையைத் தொடாதே.' அச்சில் அடித்தது. ஒரு எழுத்தும் அரை நூல் விலகாது. அவரால் இதில் குறை சொல்ல முடியாது.

இதோடு நிறுத்திக்கொள்வோம்.


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

நிறுத்த வேண்டாம். முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

டாக்டர் ஊரிலிருந்து வந்ததும் படத்தை அவரிடமும் காட்டினேன். மூலையில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "அம்மா, இதுல வயசு நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரருக்கு அம்பத்தாறு இல்ல?" என்றார். பெயரைப் பார்த்தால், தம்பி, அது உங்கள் பெயர். அன்றைக்குக் கவர் மாறிவிட்டது. பதினொரு வருஷமாக என் பரணில் பத்திரமாக இருந்தது உங்கள் மூளை.

உங்கள் மூளை மிகவும் சுத்தமாக இருக்கிறதாம். டாக்டர் இரண்டு தரம் பாராட்டினார்.

அப்படியானால் அவர் மூளை உங்களிடம் இருக்கிறது. அந்தக் கவரை உடனே தபாலில் அனுப்புங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடுவாராம்.

உங்கள் அச்சுப் போர்டை டப்பாவுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். படித்தார். தட்டினார். "ஓடாது" என்றுவிட்டு ஐந்து கரண்டி. இதுவரை அதுதான் அதிகம்.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நான்கு காகிதத்தைக் கசக்கிவிட்டேன்.

போர்டு எழுதுகிறவர்களுக்கு எக்ஸ்ரே படம், ஸ்கேன் படம் என்றால் உயிர். தடிமனாக இருக்கும், பிளேடுக்கு வழுக்கிக்கொண்டு வரும், பெயிண்டைக் குடிக்காது. அச்சு வெட்ட அதற்கு மிஞ்சியது இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ப் பழையது கேட்டு வாங்குவோம். அண்ணன் அப்படிச் சொன்ன மறு வாரம், இனிமேல் பிரஷைத் தொடுவதில்லை என்று முடிவு செய்து முதல் அச்சை வெட்ட உட்கார்ந்தேன். கையில் அகப்பட்டது என் மண்டைப் படம். என் மண்டைதானே என்று வெட்டினேன்.

அது என் மண்டை இல்லை என்று இப்போது சொல்கிறீர்கள்.

'இங்கே வண்டி நிறுத்தாதீர்.' எனக்கு அதிகம் கேட்டு வருகிற வாசகம் அதுதான். பள்ளிக்கூடச் சுவர், கல்யாண மண்டபம், மூன்று பல் டாக்டர்கள், இந்த ஊரில் பாதிச் சுவருக்கு அண்ணனின் மூளை வழியாகத்தான் பெயிண்ட் இறங்கியிருக்கிறது. பதினொரு வருஷத்துப் பெயிண்ட் காய்ந்து அப்பளமாகிவிட்டது. டர்ப்பன்டைன் ஊற்றித் துடைத்தேன். மிஞ்சியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்கு துண்டு.

டாக்டர் பார்த்து என்ன சொன்னாலும் சொல்லட்டும். எனக்கு உள்ளூர உறுத்துவது வேறு. அன்றைக்கே நோய் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். நோய் பிரேக்கைத்தானே பிடுங்கியது? வார்த்தையைக் கொண்டுவந்து வைத்ததா? 'இருபத்தஞ்சு வருஷமா சொல்லாம இருந்தேன்' என்றாரே. உள்ளே இல்லாததா வெளியே வந்தது? எதைப் பார்த்தாலும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன், அண்ணி. அவருக்குப் புத்தி இருந்தாலும் நான் தோற்றேன், இல்லாவிட்டாலும் தோற்றேன்.

அந்த ஐந்து கரண்டியைப் படித்துக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. அச்சுப் போர்டுக்கும் 'ஓடாது' என்றால் என்னதான் வேண்டும் அவருக்கு? கையில் கிடைத்த அட்டையில், கையில் கிடைத்த பிரஷால், 'வை கீழே' என்று எழுதிவிட்டேன். பதினொரு வருஷத்துக்குப் பிறகு. கொடி இல்லை, நிழல் இல்லை, ஒரு சுழிப்பு இல்லை. வைது எழுதுவதற்கு அலங்காரம் எதற்கு? அதையும் கவரில் போட்டிருக்கிறேன். அவர் முகத்துக்கு நேராக மாட்டுங்கள்.

தம்பி


மே 1

அன்புள்ள தம்பிக்கு,

பழையபடி 'தம்பி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான்கு துண்டையும் டாக்டர் மேஜையில் பரப்பினேன். அவர் பத்து நிமிஷம் சேர்த்துப் பார்த்தார். மூக்கைச் சிந்துகிற மாதிரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார், உள்ளே சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? முன்பக்கம் முழுவதும் 'நிறுத்தாதீர்' என்பதில் போய்விட்டதாம். மிஞ்சியிருப்பது காது, எலும்பு, பின்மண்டை. "பின்பக்கம் நல்லா இருந்திருக்கு. அதுக்கு மேல இதை வெச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆக, அன்றைக்கு அவர் மூளை எப்படி இருந்தது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை, தம்பி. அந்தக் கதை அவ்வளவுதான்.

பிரேக் விஷயத்தையும் கேட்டேன். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து இவர் ஆரம்பித்துவிட்டார். "பிரேக் போனா லிஃப்ட் கீழ விழும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. தப்பு. உள்ள ஆள் கம்மியா இருந்தா எதிர் எடை இழுத்து மேல பறக்கும். பிரேக் போனதை வெச்சு அது எங்க போகப் பார்த்துச்சுன்னு சொல்ல முடியாது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது" என்றார். இவர் மேஜையைத் தட்டி, "ஓடாது" என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் அட்டையை மாட்டினேன். கரண்டியோடு வந்தார். "வை கீழே" என்று படித்தார். வைத்துவிட்டார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநாளும் வைத்தார். ஒரு வாரமாக ஒரு கரண்டி சர்க்கரை உள்ளே போகவில்லை. டாக்டருக்கே காரணம் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. என் கைக்குக் கேட்காதவர், மெஷினுக்குக் கேட்காதவர், உங்கள் கைக்குக் கேட்கிறார்.

நேற்று ரோட்டைத் தாண்டும்போது பால் வண்டி ஒன்று அவர் சட்டையை உரசிக்கொண்டு போய் நின்றது. இவர் நிற்கவில்லை. அந்த வண்டிக்காரர் இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார், நான்தான் தண்ணீர் கொடுத்தேன். கதவைப் பூட்டினால் பத்து பத்துக்குத் தலையால் முட்டுகிறார். இப்படியே போனால் ஏதாவது ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விடுவதுதான் வழி என்கிறார் டாக்டர். முன்பின் தெரியாத இடத்தில், இவர் தட்டுகிற தட்டையும் சொல்கிற சொல்லையும் யார் பொறுத்துக்கொள்வார்கள்? நான் விட மாட்டேன். ரோட்டு முனையில் 'நில்' என்று ஒரு போர்டு வேண்டும். உங்கள் கையால்.

கேட்கிற நேரத்தில் மறைத்துப் பேச விரும்பவில்லை. அந்தப் பெயர்ப் பலகை எனக்கும் பிடிக்கவில்லை, தம்பி. நீங்கள் கோபித்துக்கொண்டு போன பிறகு வீம்புக்கு நான்தான் வாசலில் மாட்டினேன். பதினொரு நிறம், தங்க விளிம்பு, இரண்டு புறா. அந்தப் புறாக்களுக்கு நடுவே வீட்டுப் பெயரைத் தேட வேண்டியிருந்தது. மூன்று மாதம் தபால்காரர் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனால் சைக்கிள் கடை போர்டை நானும் பார்த்திருக்கிறேன். அது நன்றாக இருந்தது. இரண்டும் உண்மையாக இருக்கக் கூடாதா?

அண்ணி


மே 10, பஸ் நிலையம்

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் ஊர் பஸ் நிலையத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். திட்டாமல் படியுங்கள்.

புறாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், அந்தப் பலகைக்காகப் போட்ட பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கேக்தான். மெழுகுவர்த்தி ஒன்றுதான் குறை. அண்ணன் வீடு என்பதால் எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையையும் ஒரே பலகையில் கொட்டியிருக்கிறேன். ஆசை கூடிப்போய்விட்டது, வேறென்ன.

காலை ஆறு மணிக்கு இறங்கினேன். எதிர்க் கட்டடத்து வாட்ச்மேன் அண்ணனின் பெயரைச் சொன்னதும், "தினமும் வந்து எங்க லிஃப்டை ஃபெயில் பண்றவரா?" என்று கேட்டு இடம் கொடுத்தார். தகரப் பலகையை இரும்புக் கம்பத்தில் முடுக்கி, கம்பத்தை சிமென்ட் டப்பாவில் நட்டு, உங்கள் பக்கத்து ரோட்டு முனையில் வைத்திருக்கிறேன். வெள்ளையில் சிவப்பு. இரண்டே எழுத்து. ஒன்றரை மணி நேரம் ஆனது. முதல் கோட்டை இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். இரண்டாவது எழுத்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்திருக்கிறதோ என்று சந்தேகம். தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தேன், நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் சந்தேகம்.

மாடிக்கு வரவில்லை. வந்தால் அவர் என்னைத் தட்டிப் பார்த்து ஏதாவது சொல்லிவிடுவார். சொல்லலாமா கூடாதா என்று பிடித்து நிறுத்துகிற இடமே போய்விட்டது என்று நீங்களே எழுதினீர்கள், இனி அவருக்குப் பொய் சொல்ல வராது. மற்றவர்கள் 'பிரமாதம்' என்றால் முகத்துக்காகச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடலாம். இவர் சொல்வதைத் தள்ளவும் முடியாது, தாங்கவும் முடியாது.

பிரஷைக் கழுவும்போது அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் முழுக்கைச் சட்டையோடு நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுக்க நரைத்துவிட்டார். கையை ஆட்டலாம் என்று நினைத்தேன். கையில் பிரஷ் இருந்தது.

ஒன்பதரை பஸ்ஸில் போகிறேன். கோழை என்று திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் நின்றாரா என்று மட்டும் எழுதுங்கள்.

தம்பி


மே 10, சாயங்காலம்

கோழைத் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை டீக்கடைக்காரர் மத்தியானம் கொண்டுவந்து கொடுத்தார். தபாலில் போட்டால் நாளாகும் என்பதால் இதை உங்கள் ஊர் ராத்திரி பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளை காலையில் உங்கள் கடை வாசலில் ஹாரன் அடிப்பார்.

பத்து பத்துக்குக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். போர்டு இருப்பது எனக்கே தெரியாது. முனைக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். "நில்" என்று படித்தார். நின்றுவிட்டார். அவர் மூக்குக்கு முன்னால் இரண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் போயின. அந்த பஸ்ஸில் நீங்கள்கூட இருந்திருக்கலாம், எப்போது அது நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வாட்ச்மேன் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை.

இவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு போர்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். மூன்று தட்டு.

"ஓடலாம்."

நான் அவரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லவில்லை. "யார் எழுதினதுன்னு தெரியுதா?" என்று கேட்டேன். "தம்பி" என்றார், இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்கிறாயே என்கிற மாதிரி. அப்புறம், "கேக் இல்ல" என்றார்.

அவ்வளவுதான். எப்படி இருக்கிறான், ஏன் வரவில்லை என்றெல்லாம் கேட்கவில்லை. கேட்க மாட்டார், தம்பி. அந்த இடம் அவருக்குள் இருட்டிவிட்டது, நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்தாலும் சர்க்கரைதான் கேட்பார். ஆனால் அவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இப்போது என் பாட்டைக் கேளுங்கள். பத்தே காலுக்கு நின்றவர் பதினொன்றுக்கும் நிற்கிறார், பன்னிரண்டுக்கும் நிற்கிறார். சாப்பாடு தயார் என்றேன். "நில்னு போட்டிருக்கு" என்றார். வாட்ச்மேன் பாவப்பட்டு நாற்காலி கொண்டுவந்தார். "உட்கார்னு போடல." நான் காகிதத்தில் 'வீட்டுக்கு வா' என்று எழுதிக் காட்டினேன். "ஓடாது." கடைசியில் நானும் வாட்ச்மேனும் சேர்ந்து சிமென்ட் டப்பாவோடு போர்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் நகர்ந்தார். என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

தினமும் என்னால் அதைத் திருப்ப முடியாது. அதற்குப் பக்கத்திலேயே 'வீட்டுக்குப் போ' என்று இன்னொன்று வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே வந்து எழுதுங்கள். அவர் பக்கத்தில் நின்று பார்ப்பார், சாய்ந்தால் சாய்ந்திருக்கிறது என்பார். கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

பிரஷ் கொண்டுவாருங்கள். பிளேடு வேண்டாம், இந்த வீட்டில் ஸ்கேன் படங்கள் இருக்கின்றன.

அண்ணி